ராமசேஸிலிருந்து யோர்தான் வரை: இஸ்ரவேலரின் பயண வழியிலுள்ள இடங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ் வேதாகமத்தின் பின்பக்கங்களில் அச்சிடப்படும் வரைபடத்தில், எகிப்தின் ராமசேஸில் புறப்பட்டு, சீனாய்த் தீபகற்பத்தின் தெற்கே இறங்கி, காதேஸ் வழியாக யோர்தான் கரைக்கு வந்து சேரும், மோசேயின் தலைமையில் இஸ்ரவேலர் எகிப்திலிருந்து கானானுக்குப் போன வழியைக் காட்டும் ஒரு கோட்டைப் பலரும் பார்த்திருப்பார்கள். கோடு எங்கும் ஒரே தடிமனில் ஓடுவதால், அதிலுள்ள இடங்கள் எல்லாமே ஒரே அளவு உறுதியோடு கண்டறியப்பட்டவை என்ற எண்ணம் தானாகவே எழுந்துவிடுகிறது. உண்மையில் அந்தக் கோட்டின் தொடக்கமும் முடிவும் உறுதியான தரையில் நிற்கின்றன. நடுப்பகுதியோ பெரும்பாலும் பிற்கால மரபையும் அறிஞர்களின் ஊகத்தையும் சார்ந்திருக்கிறது. வேதபாட வகுப்புகளிலும், புனித நாட்டுப் பயணத்துக்குப் புறப்படுவோரிடமும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு, எந்த இடம் எந்தச் சான்றின்மேல் நிற்கிறது என்பதைப் பிரித்துக் காட்டி இங்கே விடை அளிக்கப்படுகிறது. ஊர்ப்பெயர்கள் கூடியவரை பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் உள்ளபடியே எழுதப்பட்டுள்ளன.

பயண வழியைப் பற்றி வேதாகமத்தில் எங்கெங்கே வாசிக்கலாம்?

யாத்திராகமம் 12 முதல் 19 வரையிலும், எண்ணாகமம் 10 முதல் 21 வரையிலும் உள்ள அதிகாரங்களில் பயணம் கதைப்போக்காகச் சொல்லப்படுகிறது. உபாகமத்தின் முதல் அதிகாரங்கள் அதை நினைவுகூருகின்றன. எண்ணாகமம் 33ஆம் அதிகாரம் மட்டும் தனித்தன்மை உடையது. ஓரிடத்தை விட்டுப் புறப்பட்டு அடுத்த இடத்தில் பாளயமிறங்கினார்கள் என்ற ஒரே வாய்பாட்டில், நாற்பதுக்கு மேற்பட்ட தங்குமிடங்களை அது வரிசையாகத் தருகிறது. இடங்களைத் தேடுகிறவர்களுக்கு அதுவே அடிப்படை. ஆனால் அதிலுள்ள பெயர்களில் கணிசமானவை வேதாகமத்தில் வேறெங்கும் வராதவை என்பதால், அவற்றைச் சரிபார்க்க வழி இல்லை.

இந்தப் பகுதிகள் எல்லா விவரங்களிலும் ஒன்றுபடுவதில்லை என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆரோன் ‘ஓர்’ என்னும் பெயருடைய மலையில் மரித்ததாக எண்ணாகமம் 33:38 கூறுகிறது. மோசெராவில் மரித்ததாக உபாகமம் 10:6 கூறுகிறது. இரண்டையும் இணைக்கப் பல விளக்கங்கள் தரப்பட்டுள்ளன. ஆனால் வரைபடம் தயாரிப்பவர் எந்த விளக்கத்தை ஏற்கிறாரோ அதற்கேற்பக் கோடு வளைந்துவிடுகிறது.

ஓர் ஊரை அறிஞர்கள் எப்படி அடையாளம் காண்கிறார்கள்?

மூன்று சான்றுகள் ஒன்றுகூட வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. வேதாகமம் தரும் திசையும் தொலைவும் பொருந்த வேண்டும். பழம்பெயர் அந்தப் பகுதியில் ஏதோ ஒரு வடிவில் எஞ்சியிருக்க வேண்டும். தரைக்கடியில் அந்தக் காலத்துக் குடியிருப்பின் தடயம் கிடைக்க வேண்டும். பாலைநிலத்தில் நீரூற்று இருக்கிறதா என்பதும் இவற்றோடு பார்க்கப்படும்.

நல்ல எடுத்துக்காட்டு பூனோன். எண்ணாகமம் 33:42 குறிப்பிடும் இந்தத் தங்குமிடம், இன்றைய யோர்தான் நாட்டில் சவக்கடலுக்குத் தெற்கே உள்ள ஃபெய்னான் என்று ஏறத்தாழ எல்லாரும் ஏற்கிறார்கள். அரபு மொழியில் 'ப' ஒலி இல்லாததால் பூனோன் ஃபெய்னான் ஆனது. அங்குச் செம்புச் சுரங்கங்களும் மலைபோல் குவிந்த உலைக்கசடும் உள்ளன; நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேதாகம இடப்பெயர் அகராதி ஒன்றைத் தொகுத்த செசரியா ஆயர் யூசேபியஸும் பூனோனைச் செம்புச் சுரங்கத்தோடு இணைத்தே எழுதுகிறார். பெயர், திசை, மண் மூன்றும் ஒரே இடத்தைச் சுட்டுகின்றன.

பெயர்களைப் பிடித்துக்கொண்டு தேடும் முறையைச் செம்மைப்படுத்தியவர் அமெரிக்கரான எட்வர்ட் ராபின்சன். அரபு நன்கறிந்த எலி ஸ்மித்துடன் 1838இல் சீனாயிலும் பலஸ்தீனாவிலும் பயணம் செய்து, உள்ளூர் மக்கள் வழங்கிய பெயர்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. ஜெபல் மூசா என்றால் மோசேயின் மலை, அயூன் மூசா என்றால் மோசேயின் ஊற்றுகள். இத்தகைய பெயர்கள் வேதாகமக் கதையை அறிந்த பிற்காலத்தவர் சூட்டியவையாக இருக்கலாம் என்பதால், பூனோனின் பெயருக்குத் தரும் மதிப்பை இவற்றுக்குத் தர முடியாது.

புறப்பட்ட ஊரான ராமசேஸ் எங்கே இருக்கிறது?

நைல் கழிமுகத்தின் கிழக்குப் பகுதியில் உள்ள கந்தீர் என்ற கிராமத்தின் வயல்களுக்கு அடியில். இது பயணவழியின் மிக உறுதியான முடிவுகளில் ஒன்று. அது எட்டப்பட்ட விதம் தெரிந்துகொள்ளத் தக்கது.

1929 முதல் பியேர் மோன்தே என்ற பிரெஞ்சு ஆய்வாளர், மேலும் வடக்கே உள்ள தானிஸில் அகழ்ந்தபோது, எகிப்திய மன்னன் இரண்டாம் ராம்சேஸின் பெயர் பொறித்த சிலைகளும் கல்தூண்களும் ஏராளமாகக் கிடைத்தன. தானிஸ்தான் வேதாகமத்தின் சோவான். எகிப்தில் நடந்த அற்புதங்களைச் சோவான் வெளியோடு 78ஆம் சங்கீதம் இணைத்துப் பேசுகிறது. எனவே தானிஸே ராமசேஸ் என்று மோன்தே உறுதியாக நம்பினார். ஆனால் அங்கிருந்த ராம்சேஸ் காலத்துக் கற்கள் எவையும் முதலில் நிறுவப்பட்ட இடத்தில் இல்லை. எல்லாமே வேறிடத்திலிருந்து கொண்டுவந்து மறுபடி அடுக்கப்பட்டவை. நைலின் பெலூசியக் கிளை மணல் தூர்ந்து கைவிட்டபோது, எகிப்தின் 21ஆம் வம்சத்து மன்னர்கள் பழைய தலைநகரின் கற்களைப் பெயர்த்துத் தானிஸுக்குக் கொண்டுசென்றிருந்தார்கள். அந்தப் பழைய தலைநகர் கந்தீரில் வெளிப்பட்டது. குதிரை லாயங்கள், தேர்ப்படைக்கான பட்டறைகள், அரண்மனையின் எச்சங்கள் அங்கே கிடைத்தன. அதை ஒட்டியுள்ள தெல் எல்-தபாவில் 1966 முதல் மான்ஃபிரெட் பியதாக் நடத்திய அகழாய்வு, கானானிலிருந்து வந்து குடியேறிய மக்கள் பல தலைமுறைகள் வாழ்ந்த அவாரிஸ் நகரத்தை வெளிக்கொணர்ந்தது. எகிப்தில் இஸ்ரவேலர் வாழ்ந்ததாக வேதாகமம் கூறும் கோசேன் நாட்டை இந்த வட்டாரத்தில் வைத்துப் பார்ப்பதற்கு இது வலுச் சேர்க்கிறது. அந்தக் குடியேறிகள்தாம் இஸ்ரவேலர் என்று இதிலிருந்து முடிவுகட்டுவது மட்டும் சான்றைத் தாண்டிச் செல்வதாகும்.

பித்தோமும் சுக்கோத்தும் உறுதியானவையா?

இரண்டும் கழிமுகத்திலிருந்து கிழக்கே திம்சா ஏரி வரை செல்லும் வாதி துமிலாத் பள்ளத்தாக்கில் இருந்தன என்பதில் ஐயம் குறைவு. சுக்கோத், எகிப்தியச் சுவடிகளில் வரும் ச்செக்கு என்ற பகுதியாகக் கருதப்படுகிறது. பழைய ஊர் புதைந்துள்ள மண்மேடுகளில் எந்தத் திட்டு எந்த ஊர் என்பதில்தான் விவாதம். 1883இல் எதுவார் நவீல் தெல் எல்-மஸ்கூதாவைப் பித்தோம் என்று அறிவித்தார்; பல பழைய நூல்கள் இன்னும் அதையே சொல்கின்றன. பின்னர் 1978 முதல் ஜான் ஹாலடே தலைமையில் நடந்த ஆய்வில், ராம்சேஸ் காலத்தில் அங்கே ஊர் இருந்ததற்கான அடையாளம் கிடைக்கவில்லை. சில கிலோமீட்டர் மேற்கே உள்ள தெல் எர்-ரெதாபாவில் அக்காலத்தில் எகிப்தியக் கடவுளான ஆத்துமுக்குக் கட்டிய கோயிலின் எச்சம் இருப்பதால், 'ஆத்துமின் இல்லம்' என்று பொருள்படும் பித்தோம் அதுவே என்று இன்று பலர் கருதுகிறார்கள்.

கானானுக்கு நேர்வழி இருந்தும் ஏன் அதைத் தவிர்த்தார்கள்?

பெலிஸ்தரின் தேசவழி சமீபமாயிருந்தும், யுத்தத்தைக் கண்டு ஜனங்கள் மனமடிந்து திரும்பிவிடக்கூடும் என்பதால் தேவன் அவ்வழியாய் நடத்தவில்லை என்று யாத்திராகமம் 13:17 காரணம் கூறுகிறது. அந்தக் கடற்கரைச் சாலையை எகிப்தியர் தங்கள் கடவுளின் பெயரால் ஹோரஸின் வழி என்று அழைத்தனர். கர்நாக் கோயிலின் சுவரில் எகிப்திய மன்னன் முதலாம் சேத்தி பொறித்த சிற்பத்தில் அந்தச் சாலையின் கோட்டைகளும் கிணறுகளும் வரிசையாகக் காட்டப்பட்டுள்ளன; தெல் ஹெபுவா, தெல் எல்-போர்க் ஆகிய இடங்களில் கோட்டைகளின் மதில்களே வெளிப்பட்டுள்ளன. எனவே அந்த வசனம் கூறும் அச்சத்துக்குக் கண்ணால் காணத்தக்க பின்னணி உண்டு.

கடந்துபோன சமுத்திரம் எது? அது செங்கடல்தானா?

மிகக் கவனமாகப் பேச வேண்டிய கேள்வி இதுவே. எபிரெய மூலத்தில் உள்ள சொற்றொடர் 'யாம் சூஃப்'. 'சூஃப்' என்பது நீரில் வளரும் நாணலைக் குறிக்கும். குழந்தை மோசேயை வைத்த பெட்டி நாணலுக்குள்ளே விடப்பட்டதாக நாம் வாசிக்கும் இடத்திலும் இதே சொல்தான். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் தொடங்கிய கிரேக்க மொழிபெயர்ப்பு அதைச் சிவந்த கடல் என்று பெயர்த்தது. அந்த மரபே நமது 'சிவந்த சமுத்திரம்' வரை வந்து சேர்ந்தது. ஆகவே நாணற்கடல் என்று மொழிபெயர்த்து, உவர்நீரில் நாணல் வளராது என்பதால் அது நன்னீர் ஏரியாகவே இருக்க வேண்டும் என்று பலர் முடிவு செய்கிறார்கள்.

அந்த முடிவு அவ்வளவு எளிதன்று. சாலொமோன் கப்பல் கட்டிய எசியோன்கேபேர், ஏதோம் தேசத்தில் யாம் சூஃப் கரையில் இருந்ததாக 1 இராஜாக்கள் 9:26 கூறுகிறது; அது ஐயத்துக்கிடமின்றி இன்றைய அகபா வளைகுடா. எண்ணாகமம் 33இலும் சமுத்திரத்தைக் கடந்து, மாரா, ஏலிம் ஆகிய இடங்களில் தங்கி, அதன் பிறகுதான் யாம் சூஃப் அருகே பாளயமிறங்கியதாகச் சொல்லப்படுகிறது. ஒரே பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட நீர்நிலைகளுக்கு வழங்கியிருக்கிறது என்பதே இவற்றிலிருந்து நேர்மையாகப் பெறக்கூடிய முடிவு.

இடத்தைச் சுருக்கிக்கொள்ள யாத்திராகமம் 14:2 மூன்று அடையாளங்களைத் தருகிறது: மிக்தோல், பாகால்செபோன், ஈரோத் பள்ளத்தாக்கு. மிக்தோல் என்றால் காவற்கோபுரம். அப்பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட கோட்டைகள் இருந்திருக்கலாம். இங்கே ஓர் எகிப்தியச் சுவடி உதவுகிறது. ஐந்தாம் அனஸ்தாசி பாப்பிரஸ் எனப்படும் அந்தச் சுவடியில், தப்பியோடிய இரண்டு அடிமைகளைத் துரத்திச் சென்ற ஓர் அதிகாரி, அவர்கள் ச்செக்குவைத் தாண்டி, சேத்தியின் மிக்தோலுக்கு வடக்கே உள்ள மதிலைக் கடந்து போய்விட்டதாக எழுதுகிறார். எகிப்தை விட்டு ஓடுகிறவர்கள் இதே சுக்கோத்–மிக்தோல் வழியைப் பயன்படுத்தினர் என்பதை வாசிக்கும்போது, யாத்திராகமத்தின் ஊர்ப்பெயர்கள் அந்த எல்லைப்புறத்தை நன்கறிந்தவர்களின் நினைவிலிருந்து வந்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்த அடையாளங்களோடு பொருத்திப் பார்த்து, மத்தியதரைக் கடலோரத்து பர்தவீல் உப்பங்கழி, பல்லா ஏரிகள், திம்சா ஏரி, கசப்பு ஏரிகள், சூயஸ் வளைகுடாவின் தலைப்பகுதி ஆகியவற்றை வெவ்வேறு அறிஞர்கள் முன்வைத்துள்ளனர். சுக்கோத்திலிருந்து ஓரிரு நாள் தொலைவில், எல்லைக் கோட்டைகளின் அருகே இருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு பல்லா, திம்சா, கசப்பு ஏரிகளின் வரிசையே நன்றாகப் பொருந்துகிறது. 1869இல் திறக்கப்பட்ட சூயஸ் கால்வாய் இதே வரிசையை வெட்டிக்கொண்டு செல்வதால், பழைய சதுப்புகள் வற்றியும், வற்றிக் கிடந்த கசப்பு ஏரிகள் நிரம்பியும், நிலத்தோற்றம் முற்றிலும் மாறிவிட்டது. இன்று அங்கே போய் நின்று பார்ப்பவர் மோசே கண்ட கரையைப் பார்க்க மாட்டார்.

அகபா வளைகுடாவின் அடியில் பார்வோனின் தேர்ச்சக்கரங்கள் கிடைத்ததாகச் சொல்கிறார்களே?

நுவைபா கடற்கரையை ஒட்டி அமெரிக்கரான ரான் வயட் முன்வைத்த கூற்று அது. காணொளிகள் வழியாகத் தமிழிலும் பரவியுள்ளது. அகழாய்வு முறைப்படி மேலே எடுக்கப்பட்டு, காலம் கணிக்கப்பட்டு, மற்ற ஆய்வாளர்களின் பரிசோதனைக்கு வைக்கப்பட்ட சக்கரம் ஒன்றுகூட இல்லை. வட்டமாக வளரும் பவளத்தின் நிழற்படங்கள் சான்றாகமாட்டா. இதைப் பிரசங்கத்தில் பயன்படுத்த வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். விசுவாசத்துக்கு இத்தகைய ஊன்றுகோல் தேவையில்லை.

சமுத்திரத்தைக் கடந்தபின் தங்கிய மாரா, ஏலிம், ரெவிதீம் எங்கே?

தென்வழியை ஏற்பவர்கள் மாராவை அயின் ஹவாராவிலும், 12 நீரூற்றுகளும் 70 பேரீச்சமரங்களும் இருந்த ஏலிமை வாதி கரந்தலிலும், ரெவிதீமைப் பசுமையான ஃபெய்ரான் பள்ளத்தாக்கிலும் வைக்கிறார்கள். மூன்றும் நீர்வளத்தையும் மரபையும் கொண்டு செய்த தெரிவுகள். சீனாய் மலை எங்கே என்ற விடை மாறினால் இவை மூன்றும் இடம் பெயர்ந்துவிடும்.

புனிதப் பயணிகள் ஏறும் ஜெபல் மூசாதான் உண்மையான சீனாய் மலையா?

இருக்கலாம். நிறுவப்படவில்லை.

2,285 மீட்டர் உயரமுள்ள அந்த மலையை நான்காம் நூற்றாண்டின் துறவிகள் சீனாயாகப் போற்றினர். 380களில் அங்கே ஏறிய எகேரியா என்ற பெண்மணி தம் பயணத்தை விரிவாக எழுதி வைத்திருக்கிறார். ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டீனியன் பேரரசர் அடிவாரத்தில் மடத்தைக் கட்டினார்; இன்று புனித கத்தரீனாள் மடம் என்று வழங்குவது அதுவே. இந்த மரபு பழமையானதுதான் என்றாலும், மோசேயின் காலத்துக்கும் அதற்கும் இடையே 1,500 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. ஃபெய்ரானுக்கு அருகே உள்ள செர்பால் மலையையும் சிலர் சீனாயாகக் கருதியதுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய எகிப்தியலாளர் லெப்சியஸ் அதை வலியுறுத்தினார்.

வேதாகமம் தரும் முக்கியமான தொலைவுக் குறிப்பு உபாகமம் 1:2இல் உள்ளது. சீனாயின் மற்றொரு பெயரான ஓரேபிலிருந்து சேயீர் மலை வழியாகக் காதேஸ்பர்னேயாவுக்குப் பதினொரு நாள் பயணம். ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிலோமீட்டர் என்று கொண்டால் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் வரும். இது தீபகற்பத்தின் தென்பகுதிக்கு ஒத்துப்போகிறது. அகபாவுக்குக் கிழக்கே உள்ள வடமேற்கு அரேபியாவுக்கும் ஒத்துப்போகக்கூடும். காதேஸுக்கு மிக அருகில் உள்ள மலைகளுக்கு ஒத்துப்போகாது. நெகேப் பாலைநிலத்தில் எம்மானுவேல் அனாத்தி முன்வைத்த ஹார் கர்கோமுக்கு இது ஒரு தடை; அங்குள்ள வழிபாட்டு எச்சங்களில் பெரும்பகுதி கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டைச் சேர்ந்தது என்பது இன்னொரு தடை.

அரேபியக் கருத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மோசே ஆடு மேய்த்தது மீதியானியரின் மந்தையை. மீதியான் வடமேற்கு அரேபியாவில் இருந்தது. தெபோராளின் பாட்டும், உபாகமம் 33:2உம், ஆபகூக்கின் ஜெபமும் கர்த்தர் சேயீரிலிருந்தும் பாரானிலிருந்தும் தேமானிலிருந்தும் வந்ததாகத் தென்கிழக்குத் திசையையே பாடுகின்றன. ஆனால் யாத்திராகமம் 18:27இல் மோசேயின் மாமன் எத்திரோ மலையடிவாரத்தை விட்டுத் தன் தேசத்துக்குத் திரும்பிப் போகிறான். மலை மீதியானுக்குள்ளேயே இருந்திருந்தால் இந்த வாக்கியம் பொருந்தாது. கலாத்தியர் 4:25இல் பவுல் சீனாயை அரபிதேசத்தில் வைக்கிறார் என்ற வாதமும் நிற்காது. அக்கால வழக்கில் அரபிதேசம் என்ற பெயர் தீபகற்பத்தையும் உள்ளடக்கியது. சவுதி அரேபியாவின் ஜெபல் அல்-லாவ்ஸ் வட்டாரத்தில் எரிந்து கறுத்த உச்சி என்று காட்டப்படுவது இயல்பிலேயே கருநிறமான பாறை.

காதேஸ்பர்னேயா கண்டறியப்பட்டுவிட்டதா?

வடகிழக்குச் சீனாயில் இரண்டு நீரூற்றுகள் போட்டியிட்டன. 1842இல் ஜான் ரோலண்ட்ஸ் அயின் கதேஸை முன்வைத்தார். பெயர் அப்படியே இருப்பது அதன் பலம். ஆனால் அது சிறிய ஊற்று. 1914இல் அந்தப் பகுதியை அளந்த லியோனார்ட் வூல்லியும், பின்னாளில் அரேபியாவின் லாரன்ஸ் என்று புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸும், சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள அயின் எல்-குதெய்ராத்தையே தெரிவு செய்தனர். வடசீனாயில் அதைவிட நீர்வளமுள்ள ஊற்று இல்லை. பெரும்பான்மையினர் இன்று இதை ஏற்கிறார்கள். இரண்டு ஊற்றுகளையும் சேர்த்து அந்த வட்டாரம் முழுவதற்கும் காதேஸ் என்ற பெயர் வழங்கியிருக்கலாம் என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

குதெய்ராத் திட்டில் 1956இல் மோஷே தோத்தானும், 1976 முதல் 1982 வரை ருடால்ஃப் கோஹனும் அகழ்ந்தனர். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கோட்டைகள் வெளிப்பட்டன; அவற்றில் பழமையானது கி.மு. பத்தாம் நூற்றாண்டளவினது. அதற்கு முந்திய பயணகாலத் தடயம் அங்கே கிடைக்கவில்லை. இடம் சரி, மண் மௌனம் என்ற நிலை இது.

நாற்பது ஆண்டுகள் அலைந்த மக்களின் தடயம் பாலைநிலத்தில் ஏன் கிடைக்கவில்லை?

இந்தக் கேள்வியை மழுப்பக் கூடாது. 1967க்கும் 1982க்கும் இடையே சீனாயில் நடந்த விரிவான தரையாய்வுகளில் பிற காலத்து நாடோடிகளின் எச்சங்கள் கிடைத்தன, கி.மு. 15 முதல் 13 வரையிலான நூற்றாண்டுகளில் பெருங்கூட்டம் ஒன்று அங்கே தங்கியதற்கான சான்று கிடைக்கவில்லை. கூடாரங்களில் வாழ்ந்து, தோல் பைகளில் நீர் சுமந்தவர்கள் குறைவாகவே விட்டுச் செல்வார்கள் என்பது ஒரு விடை. புருஷர் ஆறு இலட்சம் என்ற கணக்கில் ஆயிரம் என்று மொழிபெயர்க்கப்படும் எபிரெயச் சொல்லுக்குக் குலம் என்ற பொருளும் உண்டு, எனவே கூட்டம் சிறியதாக இருந்திருக்கலாம் என்பது மற்றொரு விடை. எகிப்திய மன்னன் மெர்னெப்தாவின் கல்வெட்டு, கி.மு. 1208 அளவில் கானானில் இஸ்ரவேல் என்ற மக்கள் இருந்ததை உறுதிப்படுத்துகிறது. அவர்கள் எவ்வழியே வந்தார்கள் என்பதை அது சொல்லவில்லை.

யோர்தானுக்குக் கிழக்கே உள்ள ஊர்கள் எவ்வளவு உறுதியானவை?

பெயர்களைப் பொறுத்தவரை மிக உறுதியானவை. தீபோன் இன்றைய தீபான். எஸ்போன் இன்றைய ஹெஸ்பான். 1868இல் தீபானில் கிடைத்த மோவாப் மன்னன் மேசாவின் கல்வெட்டில் தீபோன், மேதெபா, நேபோ என்ற பெயர்கள் மோவாபியரின் மொழியிலேயே பொறிக்கப்பட்டுள்ளன. சிக்கல் காலத்தில்தான். 1968 முதல் ஹெஸ்பானில் அகழ்ந்தவர்கள் இஸ்ரவேலரை எதிர்த்த எஸ்போனின் அரசனான சீகோன் ராஜாவின் காலத்துக்குரிய நகரத்தைக் காணவில்லை. ஆகவே பழைய எஸ்போன் அருகிலுள்ள ஜலூல் திட்டாக இருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. மோசே தேசத்தைப் பார்த்த நேபோவில், சியாகா முகட்டில் உள்ள பழைய தேவாலயத்தை 1933 முதல் பிரான்சிஸ்கன் சபையினர் அகழ்ந்தனர். அங்கே மோசேயின் கல்லறையைத் தேட வேண்டியதில்லை. அது ஒருவருக்கும் தெரியாது என்று உபாகமம் 34:6 தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

யோர்தானைக் கடந்த இடத்தைச் சுட்ட முடியுமா?

எரிகோவுக்கு எதிரே என்பது வரை முடியும். எரிகோ, இன்றைய ஊரை ஒட்டிய தெல் எஸ்-சுல்தான் திட்டு. தண்ணீர் குவியலாக நின்றதாக யோசுவா 3:16 கூறும் ஆதாம் ஊர், எரிகோவுக்கு வடக்கே ஆற்றின் கிழக்குக் கரையிலுள்ள தாமியா. பெயரும் இடமும் ஒத்துப்போகின்றன. அவ்விடத்தில் ஆற்றின் கரைகள் உயரமான களிமண் சுவர்கள். 1267ஆம் ஆண்டில் அவை சரிந்து விழுந்து, ஆற்றின் ஓட்டம் சில மணி நேரம் நின்றுபோனதாக அரபு வரலாற்றாசிரியர் நுவைரி எழுதியிருக்கிறார். கடந்தபின் பாளயமிறங்கிய கில்கால் எரிகோவின் கிழக்கெல்லையில் இருந்ததாக யோசுவா 4:19 கூறுகிறது. அந்தச் சமவெளியில் பல இடங்கள் முன்வைக்கப்பட்டும், பன்னிரண்டு கற்கள் நாட்டப்பட்ட இடம் இதுதான் என்று ஆய்வாளர் எல்லாரும் ஏற்கும் திட்டு எதுவும் இல்லை.